ஆரஞ்சு விளக்கும் அச்சாகாத கடைசி வரியும்

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்குப் பிரபு தொலைபேசியில் அழைத்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி ஒன்றில் நான் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பின்பாதி முழுவதும் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் பிரபு. அநாவசியமாக அழைப்பவர் அல்ல.

"சார், ஒரு சின்ன டவுட். லேப் சிஸ்டத்துலேர்ந்து பிரிண்ட் குடுத்தா மட்டும் டிஸ்பாட்ச் பிரிண்டர்ல ஆரஞ்சு லைட் எரியுது. மத்த சிஸ்டம்லாம் ஒழுங்கா வருது. பட்டன அமுக்குனா இதுவும் வந்துடுது. ஆனாலும் மனசு ஒப்பல சார்."

"அமுக்காதீங்க!" என்றேன். நான் கத்தியதைக் கேட்டு உள்ளே இருந்த என் மனைவி வெளியே வந்து பார்த்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். இரண்டு நிமிட வேலை. முடித்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார்.

"நேத்து புது ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் சார். அதுல ஒரு ஸ்லைடு, 'ஸ்டெல்லா கேஸ்'னு. டிஸ்பாட்ச்ல ஒரு அம்மா பேப்பரோட கடைசி வரியப் படிக்காம சரக்கு அனுப்பிட்டாங்க, கவனக்குறைவு எங்க கொண்டுபோய் விடும் பாருங்கனு. அந்தப் பேப்பர் இதே பிரிண்டர்ல வந்ததுதான சார்?"

அதே பிரிண்டர்தான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த ஸ்லைடுதான் காரணம்.

வேலையில் சேர்ந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதிவருகிறேன். திருவள்ளூர் மணவாள நகர் வீட்டு அலமாரியில் முப்பத்தோரு நோட்டுகள் இருக்கின்றன. என்றைக்கு எந்த இயந்திரம் நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது, யார் சொன்னார்கள், நான் என்ன செய்தேன் என்பவைதான் அவற்றில் இருப்பவை. எனவே இங்கே நான் சொல்வது நினைவை மட்டும் நம்பிச் சொல்வதல்ல.

மின்பணியாளனாகச் சேர்ந்தேன். கம்பெனிக்கு முதல் கணினி வந்தபோது அதற்கு வயர் இழுத்தவன் நான் என்பதால், அது நின்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். திருவள்ளூரில் ஒரு மாடி அறையில் ஆறு மாத மாலை வகுப்பு. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று அது சுற்றிப் போகும் ஒன்றரை மணி நேரத்தில் கையேடுகள் படிப்பேன். கையேடு தீர்ந்தால் கல்வெட்டுத் தொகுதிகள்.

பிரிண்டரைப் பொதுவில் வைப்பது எளிய காரியம் என்று நினைப்பவர்கள் பலர். எல்லாக் கணினிகளும் ஒரே வகையாக இருந்தால் எளிதுதான். எங்களிடம் மூன்று வகை இருந்தன. அலுவலகத்திலும் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவிலும் விண்டோஸ். முதலாளியின் மகனிடம் ஒரு மேக். லேபில், உலோகத்தின் கலவையைச் சோதிக்கும் கருவியோடு வந்த லினக்ஸ் கணினி. பிரிண்டர் டிஸ்பாட்சில் விண்டோஸ் கணினியோடு இணைந்திருந்தது. மற்றவர்கள் அதை வலை வழியாகப் பகிர்ந்துகொண்டார்கள். தொடக்கத்தில் அந்தப் பகிர்வுக்கு நான் வைத்த பெயரின் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. விண்டோஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. லினக்ஸ் பிரிண்டரே இல்லை என்று சாதித்தது. அந்த இடைவெளியை எடுத்துவிட வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. நோட்டில் திங்கள் முதல் வியாழன் வரை ஒரே புலம்பல். ஒவ்வொரு கணினியும் தனக்குப் பழக்கமான ஒன்றை எல்லோருக்கும் பொது என்று நினைத்துக்கொள்கிறது. அப்போதே இதை நான் மனதில் ஆழப் பதித்திருக்க வேண்டும்.

இனி ஸ்டெல்லா. டிஸ்பாட்ச் எழுத்தர். கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டிலிருந்து கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் இவர். ஆறு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆண்டு நிரந்தரமாக்கப்பட இருந்தவர்களின் பட்டியலில் மூன்றாவது பெயர் அவருடையது. தகவல் பலகையில் அந்தப் பட்டியலை ஒட்டியவனே நான்தான்.

ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும் லேபிலிருந்து ஒரு சோதனைத் தாள் டிஸ்பாட்ச் பிரிண்டரில் அச்சாகும். கார்பன் இவ்வளவு, சிலிக்கன் இவ்வளவு, கடினத்தன்மை இவ்வளவு என்று இருபதுக்கு மேல் வரிகள். தாளின் அடி ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்ட தேதியும் நேரமும். சரக்கை அனுப்பக் கூடாது என்றால் மட்டும் அந்தத் தேதிக்கு மேலே ஒரு வரி கூடுதலாக வரும்: மறு சோதனை முடியும்வரை நிறுத்தி வை. அனுப்பலாம் என்றால் எதுவும் வராது. இப்படி ஏற்பாடு செய்தவர் யாரோ, அவருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டுக் காரணம் கேட்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் இருப்பதையே அனுமதி என்று வைத்தால், எழுத்து விழாத அன்றைக்கு எல்லாமே அனுமதிதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பவுண்டரியில் எல்லாவற்றையும் கழற்றித் துடைப்பார்கள். உலையிலிருந்து ஸ்டேப்ளர் வரை சந்தனம், குங்குமம். கணினிகளின் வயர்களையும் உருவிப் பந்தாகச் சுற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று ஆண்டுதோறும் சுற்றறிக்கை போட்டேன். அந்தச் சுற்றறிக்கைக்கும் பொட்டு வைத்தார்கள். விடுமுறை முடிந்து வரும் காலையில், இருபத்தாறு கணினிகளையும் திரும்ப உயிர்ப்பிப்பது என் தலையில் விழும்.

அந்த ஆண்டு பூஜைக்கு மறுநாள், காலை 9.40. லேப் கணினியிலிருந்து அச்சு போகவில்லை. டிஸ்பாட்ச் கணினியின் கடவுச்சொல் மாறியிருந்தது, லேப் கணினி பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே லாரி காத்திருந்தது. லேப் தலைவர் என் பின்னால் நின்று, "இன்னும் எவ்ளோ நேரம் சார்?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டார். கடவுச்சொல்லை மட்டும் மாற்றியிருக்கலாம். அவசரத்தில் பிரிண்டரையே லேப் கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். 9.58க்குச் சோதனைப் பக்கம் அனுப்பினேன். டிஸ்பாட்சில் போய்ப் பார்த்தால் ஆரஞ்சு விளக்கு மின்னியது. பச்சைப் பட்டனை அழுத்தினேன், தாள் வந்தது. 'அனைத்தும் சரிபார்க்கப்பட்டன' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

புதிதாகச் சேர்த்த பிரிண்டருக்குத் தாளின் அளவு ஏ4 என்று நான் சொல்லவில்லை. நாம் சொல்லாவிட்டால் அந்தக் கணினி அமெரிக்கர்களின் 'லெட்டர்' தாள் என்று எடுத்துக்கொள்ளும்படி அமைந்திருந்தது. லெட்டர் நம் ஏ4ஐவிடப் பதினெட்டு மில்லிமீட்டர் குட்டை. ஒரு கட்டைவிரலின் அகலம். லேபிலிருந்து வந்த ஒவ்வொரு தாளிலும் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்து விழாமல் போயிற்று. பிரிண்டர் சும்மா இருக்கவில்லை. "நீ கேட்கும் தாள் என்னிடம் இல்லை" என்றுதான் அது ஆரஞ்சில் மின்னியது. அதற்குத் திரை கிடையாது, இரண்டு விளக்குகள்தான். அந்த விளக்குகளுக்கு மேலே பல ஆண்டுகளுக்கு முன்பு நானே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது: 'ஆரஞ்சு எரிந்தால் பச்சையை அழுத்தவும்.'

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை, 11.05. நோட்டில் ஒரே வரி: 'டிஸ்பாட்ச், ஆரஞ்சு விளக்கு, பட்டன் அழுத்தச் சொன்னேன்.' அந்த ஒரு வரிக்குள் இருந்த பேச்சு இது.

"சார், உங்க பிரிண்டருக்குக் காமாலை வந்துகீது சார். மஞ்சளா முழிக்குது."

"பேப்பர் இருக்காம்மா?"

"கட்டுக் கட்டா கீது. லேப் பேப்பருக்கு மட்டும்தான் சார் மொறைக்குது. பில்லு போட்டா நல்லாத்தான் வருது."

"பச்சை பட்டன அமுக்கு. எழுதி ஒட்டியிருக்கேனே."

"அமுக்கிக்கினேதான் கீறேன். எத்தினி நாளைக்கு சார் அமுக்கறது?"

"அமுக்கினா வருதில்ல? அப்புறம் என்ன?"

"சரி சார். நீங்க சொன்னா சரி."

லேப் தாளுக்கு மட்டும் என்று அவர் சொன்னதிலேயே நோய் முழுவதும் இருந்தது. தெரிந்தவன் காதில் அது விழவில்லை.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, நிறுத்தி வைக்க வேண்டிய தொகுதி ஒன்று லாரி ஏறிப் போயிற்று. வாங்கிய கம்பெனியில் கடைசல் பிடிக்கும்போது வார்ப்புகள் விரிசல் விட்டன. திங்கள்கிழமை புகார் வந்தது. செவ்வாய் காலை பத்து மணிக்குள் துணைப் பொது மேலாளர் விசாரணையை முடித்துவிட்டார்.

எல்லோரும் டி.ஜி.எம். என்று அழைக்கும் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் மேசையில் தட்டி ஓரங்களைச் சீராக்குவார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். "விஷயம் எப்பவும் அடியிலதான் இருக்கும் வரதன்" என்பார். கடைசி வரி பிடிக்கவில்லை என்றால் மேல் வரிகளைப் படிக்காமலே தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார்.

தன் அறைக் கணினியிலிருந்து அந்தச் சோதனைத் தாளை அச்சிட்டுப் பார்த்திருக்கிறார். அது விண்டோஸ், ஏ4. நிறுத்தி வை என்ற வரி பளிச்சென்று இருந்தது. ஸ்டெல்லாவை வரவழைத்துக் காட்டியிருக்கிறார்.

"எனக்கு வந்த பேப்பர்ல இது இல்ல சார்" என்றாராம் ஸ்டெல்லா.

"இது கம்ப்யூட்டர் பிரிண்ட். உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு அது அடிக்காது."

அதுதான் அடித்தது. ஆனால் அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவன் அப்போது இல்லை. நான் அன்று விடுப்பு. திருவள்ளூரில் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். நண்பகலுக்குள் ஸ்டெல்லாவின் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். தகவல் பலகைப் பட்டியலில் மூன்றாவது பெயரின் மேல் ஒரு கோடு.

புதன்கிழமை காலை கேட்டில் என்னை நிறுத்தியவர் காவலாளி முனிரத்தினம். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், தெலுங்கு கலந்த பேச்சு.

"இன்னா சார், அநியாயமா கீதே. அந்தப் பொண்ணு பேப்பர் படிக்காதாம். போன வருசம் ரெண்டு லாரிய இதே கேட்டாண்ட நிறுத்தி, 'கீழ எழுதிகீது, எறக்கு'ன்னு டிரைவர்கிட்ட மல்லுக்கு நின்னுச்சே. 'நைனா, அவன் சொல்றான்னு கேட்டத் தெறந்துடாதே'ன்னு எங்கைலயும் சொல்லிட்டுப் போச்சு. அதுவா படிக்காது?"

"அந்தத் தாள் எங்க இருக்கு முனிரத்தினம்?"

"ஒரு காப்பி சரக்கோட பூடும். ஒரு காப்பி என்கிட்ட." கதவுக்குப் பின்னால் காட்டினார்.

சுவரில் ஒரு வளைந்த கம்பி. அவர் கையில் வரும் தாளையெல்லாம் வந்த வரிசையில் அதில் குத்திவிடுவார். நிறைந்ததும் கட்டிப் பரணில் போட்டுவிட்டு வேறு கம்பி. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவர் வழக்கம். அலுவலகத்தில் எந்தக் கோப்பும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

கம்பியைக் கழற்றி மேசையில் வைத்துத் தாள் தாளாகப் புரட்டினேன். தொகுதி எண்ணை வைத்துத் தேடியதில் வியாழக்கிழமைத் தாள் கிடைத்தது. நிறுத்தி வை என்ற வரி இல்லை. அது மட்டுமல்ல, அதற்கும் கீழே இருக்க வேண்டிய தேதியும் இல்லை. தேதி இல்லாத தாளை என் கண் விடாது. அதற்கு முந்தினதைப் பார்த்தேன், தேதி இல்லை. அதற்கும் முந்தினது, இல்லை. மேலிருந்து எண்ணினால் நாற்பத்தோரு தாள்கள் இப்படி. நாற்பத்திரண்டாவது தாளில் தேதி இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மாலை 4.20. அதன் ஓரத்தில் யாரோ கை துடைத்த குங்குமக் கறை.

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பூஜைக்கு மறுநாள் அந்தக் கணினியைத் தொட்டவன் நான் ஒருவன்தான்.

"இன்னா சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் முனிரத்தினம்.

லேபுக்குப் போனேன். அமைப்பைத் திறந்தேன். தாளின் அளவு: லெட்டர். மாற்றுவதற்கு முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஏ4 என்று மாற்றி அதே வியாழக்கிழமைத் தாளை மறுபடி அனுப்பினேன். ஆரஞ்சு எரியவில்லை. நிறுத்தி வை என்ற வரி விழுந்தது, அடியில் தேதியும் விழுந்தது. வெளியே போகும் வழியில் என் சீட்டைப் பிரிண்டரிலிருந்து உரித்தேன். பசை பலமாக இருந்ததால் பாதிதான் வந்தது.

நான் படித்த கல்வெட்டுத் தொகுதிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கல் உடைந்து கடைசி வரி போயிருந்தால், படியெடுத்தவர் 'இதன் பின் கல் சிதைந்துள்ளது' என்று குறிப்பெழுதுவார். இல்லாத வரியைப் படிக்காதவர் என்று ஒருவரையும் பழிப்பதில்லை. கல்லுக்குக் கிடைக்கும் இந்த நியாயம் ஆறு ஆண்டு உழைத்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

வியாழன் காலை 9.15க்கு இரண்டு பக்க அறிக்கை, இரண்டு தாள்கள், படம் எல்லாவற்றோடும் டி.ஜி.எம். அறைக்குப் போனேன். தட்டிச் சீராக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். கடைசி வரியைப் படித்தார். அதில் நான் எழுதியிருந்தது: 'தவறு என்னுடையது. ஸ்டெல்லா மீது தவறில்லை.'

தாள்களைத் திருப்பித் தள்ளினார்.

"சரி பண்ணியாச்சு இல்ல?"

"பண்ணிட்டேன் சார். ஆனா அந்தப் பொண்ணு..."

"வரதன், கஸ்டமர் அனுப்பின ஃபார்ம்ல ரெண்டு கட்டம் இருக்கு. சிஸ்டம், மனிதர். சிஸ்டம்னு டிக் பண்ணினா நாப்பத்தோரு லாட்டையும் திரும்பப் பார்க்கணும். அவங்க ஆளுங்க வந்து ஒரு வாரம் இங்க உக்காருவாங்க. மனிதர்னு டிக் பண்ணினா ஆளை மாத்திட்டோம்னு எழுதினா போதும். டிக் பண்ணி அனுப்பியாச்சு."

"மனிதர்னா நான்தான் சார் மனிதர். என் பேரைப் போடுங்க."

"உங்க பேரைப் போட்டா அது சிஸ்டம் ஆயிடும்."

சிரிக்காமல் சொன்னார். பிறகு குரலை இன்னும் தணித்து, "ஒரு மாசம் போகட்டும். வேற கான்ட்ராக்டர் மூலமா பேக்கிங்ல வரச் சொல்லுங்க. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். தன் பெருந்தன்மையில் அவருக்கே ஒரு திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் தவறு உட்பட. மாதா கோவிலுக்குப் போய்வந்த புடவையோடு நின்றபடியே கேட்டார்.

"அப்ப அந்தப் பேப்பர்ல இல்லன்னு அவருக்கும் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுகினே, பின்னாடி வழியா வான்னு சொல்றாரா? இன்னாத்துக்கு சார் நான் ஒளிஞ்சி ஒளிஞ்சி வரணும்? எனக்கு வேலை வேற எடத்துலயும் கெடைக்கும். நான் படிக்கலன்னு எழுதிகீறாங்க பாரு, அத அடிச்சி ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க. எங்கப்பாருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது சார். அவரு பொண்ணு படிக்கலன்னு எழுதலாமா?"

அந்தக் கடிதத்தை நான் வாங்கித் தரவில்லை. மூன்று முறை கேட்டேன், மூன்றும் நோட்டில் இருக்கின்றன. மூன்றாவது முறை, "ரிட்டயர்மென்டுக்கு எத்தனை மாசம் இருக்கு வரதன்?" என்று மட்டும் கேட்டார். ஏழு மாதம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். வாடிக்கையாளருக்கு நேராக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. டி.ஜி.எம். மேல் எனக்குள்ள கோபத்துக்குச் சற்றும் குறையாத கோபம் என் மேலும் உண்டு.

ஸ்டெல்லா இப்போது அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயும் இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். இவர்களோ அவர் பெயரைத் திரையில் போட்டுப் புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஒரு மனிதரை வேலையை விட்டு அனுப்பிய பிறகும் அவரது அவமானத்தை மட்டும் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறார்கள். பாடம் நடக்கும் அறைக்கு எதிரிலேயே அந்தப் பிரிண்டர் மறுபடியும் ஆரஞ்சில் மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. யாரோ லேப் கணினியை மாற்றியிருக்கிறார்கள், யாரோ பச்சையை அழுத்தியிருக்கிறார்கள். ஆளைத்தான் மாற்றினார்களே தவிர, ஏதும் எழுதாதிருப்பதே அனுமதி என்ற ஏற்பாட்டை இன்றுவரை மாற்றவில்லை.

இதை எழுதுவதற்கு முன் ஸ்டெல்லாவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன்.

"எழுதுங்க சார். பாவம் பாவம்னு எழுதாதீங்க. பேப்பர்ல இல்லன்னு எழுதுங்க. அவங்க என் பேரப் போட்டாங்க இல்ல, நீங்களும் போடுங்க."

போட்டிருக்கிறேன். அன்று திருப்பித் தள்ளப்பட்ட அறிக்கையையும் அந்த இரண்டு தாள்களையும் இந்தக் கட்டுரையோடு சேர்த்து, என் கையெழுத்திட்டு, கம்பெனிக்கும் வார்ப்புகளை வாங்கிய அந்த வாடிக்கையாளருக்கும் இன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பிரபு ஒரு பிரதியை லேப் கணினியிலிருந்து டிஸ்பாட்ச் பிரிண்டரில் அச்சிட்டு, முனிரத்தினத்தின் கம்பியில் குத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சிடும்போது ஆரஞ்சு எரிந்தால் நிறுத்திவிடுங்கள் பிரபு, பச்சையை அழுத்த வேண்டாம். தாளை எடுத்து அடி ஓரத்தைப் பாருங்கள். இனி வரும் வரி அங்கே இருக்க வேண்டும்.

ஸ்டெல்லா மீது தவறில்லை.